ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு வயர்

பல்லுக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செட் செய்து கொடுப்பவர். அக்கம்பக்கத்துப் பெரிசுகளில் பாதிப்பேர் சிரிப்பது அவருடைய கைவேலை. அவர் மட்டும் லேசில் சிரிக்கமாட்டார். கறார் ஆசாமி. ஆனாலும் யாருக்கும் மனதறிந்து கெடுதல் செய்யாதவன் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு யாருக்குத்தான் இல்லை?

அவருடைய இரண்டாம் மாடி அறைக்கு நேர் எதிரே, ஆறடிச் சந்துக்கு அந்தப்பக்கம், இன்னொரு கட்டடம். அதே உயரத்து ஜன்னலில் தையல்காரர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் சுவரில் ஆணி அடித்தாலே சண்டைக்கு வருவார். இன்டர்நெட்காரனைத் துளை போட விடுவாரா? செல்போன் சிக்னலோ சந்துக்குள் எட்டிப் பார்ப்பதோடு சரி. தையல்காரரின் மனைவி ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்க, "அதுக்கென்னம்மா, இழுத்துக்கோ" என்று பல்லுக்காரர் வைஃபை இல்லாத தன் பழைய ரவுட்டரிலிருந்தே ஒரு வயரை எதிர் ஜன்னலில் ஒரு வைஃபை பெட்டிக்கு விட்டார். அதன்பிறகு பல்லுக்காரரின் துணி எதுவும் வேறு கடைக்குத் தைக்கப் போனதில்லை.

பல்லுக்காரருக்கு இருந்த ஒரே பைத்தியம் கம்ப்யூட்டரில் செஸ். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு முகம் தெரியாத ஆட்களோடு போட்டி. ஆளுக்குப் பத்து நிமிஷம். நேரம் தீர்ந்தால் தோல்வி. ஒரு ஞாயிறு, ஜெயிக்கிற ஆட்டத்தில் திரை அப்படியே நின்றுபோனது. மணி மட்டும் நிற்காமல் ஓடி அவரைத் தோற்கடித்தது. நிமிர்ந்து பார்த்தால், எதிர் ஜன்னலில் தையல்காரர் போனை மிஷின்மேல் சாய்த்து வைத்து, இரண்டு கைகளாலும் தன் அக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறார். இரட்டையராய்ப் பிறந்த அக்கா. வேறு ஊரில் மகனோடு இருக்கிறாள். மகனுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான். அவன்தான் நான்கு மணிக்கு வீடியோ போட்டுக் கொடுப்பான், ஐந்துக்குள் வெளியே கிளம்பிவிடுவான். இதெல்லாம் பல்லுக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறு, நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் எதிர்வீட்டு வயரைப் பிடுங்கினார். ஒருவாரம் பேசாவிட்டால் என்ன குடி முழுகிவிடும், போனில் பேசிக்கொள்ளட்டும் என்று சமாதானம் வேறு.

சற்று நேரத்தில் தையல்காரரின் மனைவி ஜன்னலில் வந்து நின்றாள்.

"அண்ணே, லைன் போயிடுச்சா?"

"எனக்கும் இல்லம்மா. அந்த கம்பெனிக்காரன்தான் என்னமோ நோண்டிக்கிட்டு இருக்கான்." வாய் கூசவில்லை. கம்ப்யூட்டரின் முதுகுதான் அவள் பக்கம் இருந்தது.

ஐந்து மணிக்கு வயரைத் திரும்பச் சொருகினார். அன்று மூன்று ஆட்டம் ஜெயித்திருந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை. மூன்றாவது ஞாயிறு, தையல்காரர் கம்பெனிக்காரன்மேல் தப்பில்லை, தன் பக்கத்து வயரைத்தான் எலி கடித்துவிட்டது என்று முடிவு கட்டி, ஜன்னலில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுப் புது வயர் மாற்றினார். சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மாற்றி முடித்து, "ரவுட்டர்ல லைட் எரியுதா பாருங்க" என்பதுபோல் இவரைப் பார்த்துக் கட்டை விரலை ஆட்டிக் கேட்டார். பல்லுக்காரர் உதட்டைப் பிதுக்கினார். அன்றைக்கு ஆட்டத்தில் மனம் செல்லவில்லை. ஆனால் வயரையும் சொருகவில்லை.

புதன்கிழமை காலை தையல்காரரின் மனைவி படியேறி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, நாங்க ஊருக்குப் போறோம். அவங்க அக்காவுக்கு முந்தாநாள் வாதம் அடிச்சிடுச்சு. ரெண்டு கையும் விழுந்திடுச்சாம்."

"அடக்கடவுளே. பேச..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"அவங்களுக்கும் இவர மாதிரிதானே அண்ணே. ரெண்டு பேருக்கும் எழுத்தும் வராது. சின்னப் பிள்ளையிலேர்ந்து அவங்களா ஒரு பாஷை வச்சிருக்காங்க, அது எனக்கே பாதிதான் புரியும். மூணு வாரமா ஏதோ சொல்லணும்னு தவிச்சாங்களாம். இதோ வந்துடும், இதோ வந்துடும்னு நாங்க இங்கயே உக்காந்திருந்தோம், பாழாப்போன லைன் கிடைக்கல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க என்ன அண்ணே பண்ணுவீங்க."

அவள் போனபிறகு பல்லுக்காரர் மேஜை முன்னால் உட்கார்ந்தார். பதினோரு வருஷமாகத் தையல்காரரை எதிரிலேயே பார்த்து வருகிறார். அவர் அக்காவோடு போனில் பேசிக்கொள்ளட்டும் என்று நினைத்த மண்டையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று முடிக்க வேண்டிய பல் வரிசை மெழுகில் கோணிக்கொண்டே போனது. எடுத்து வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அவர்கள் திரும்பினார்கள். தையல்காரரின் மனைவியிடம் சொல்லியிருக்கலாம். அழுவாள், திட்டுவாள், அவரிடம் கொஞ்சம் பூசி மெழுகிச் சொல்லிவைப்பாள். பல்லுக்காரருக்கு அது இன்னும் கேவலமாகப் பட்டது. தையல்காரரையே கையைக் காட்டி அழைத்தார்.

வந்தார். பல்லுக்காரர் ரவுட்டரின் முன் மண்டியிட்டு, எதிர் ஜன்னலுக்குப் போகும் வயரைத் தொட்டுக் காட்டினார். அதைப் பிடுங்கினார். சுவர்க்கடிகாரத்தில் நான்கின்மேல் விரல் வைத்தார். மூன்று விரல்களைத் தூக்கினார். பிறகு செஸ் திரையைக் காட்டி, தன் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

தையல்காரர் முதலில் விளங்காமல் பார்த்தார். விளங்கியதும் முகம் வெளிறிப்போனது. அவர் கைகள் இடுப்புயரம் வரை எழுந்தன. எதையோ சொல்லத்தான் எழுந்தன. யாரிடம் சொல்வது என்பதுபோல் அப்படியே இறங்கிவிட்டன. படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை வாசலில் அந்த வயர் சீராகச் சுருட்டி, அளவு நாடாத் துண்டால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல், தைக்கக் கொடுத்திருந்த பேன்ட், இஸ்திரி போட்டு மடித்து. ஓரத்தில் ஒரு தையல்கூடக் கோணவில்லை. பல்லுக்காரர் அதை இன்றுவரை போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி. எதிர் ஜன்னல் சாத்தியிருந்தது. முன்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருமுனை தெரியும். சிக்னல் கிடைக்கிற இடம் அதுதான். அங்கே ஒரு கைப்பிடிச்சுவரில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, வெயிலில் நின்று தையல்காரர் கையால் பேசிக்கொண்டிருந்தார். பேசுவார், நிறுத்துவார், திரையையே உற்றுப் பார்ப்பார். அந்தப்பக்கம் எந்தக் கையும் எழாது. மறுபடியும் பேசுவார்.

பல்லுக்காரரின் கம்ப்யூட்டரில் எதிராளி காய் நகர்த்திவிட்டுக் காத்திருந்தான். பத்து நிமிஷமும் ஓடித் தீர்ந்து, ஆட்டம் தோற்றுப்போனது. லைன் ஒரு நொடிகூட நிற்கவில்லை.