மச்சான் கோடு போட்ட இருபத்தேழாம் எண்

இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை. வேலையை விட்டு நிறுத்துகிறேன் என்று பட்டறை மேஸ்திரி சொன்னது மறந்துவிட்டது. சொந்தக்காரர்கள் பேசியதெல்லாம் மறந்துவிட்டது. என் மனைவியின் அண்ணன் சிவப்புப் பேனாவை எடுத்து, ஸ்கேல் வைத்து, இருபத்தேழாம் எண்ணின் மேல் நேராக ஒரு கோடு போட்டாரே, அது மட்டும் மறக்கவில்லை. இருபத்தேழு நான்தான். கோபத்தில் கிறுக்கியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். ஸ்கேல் வைத்துப் போட்டார்.

மச்சான் போய் நாலு வருஷம். இப்போது நினைத்தால் அந்தக் கோட்டோடு சேர்ந்து அவருடைய அறையும் வந்துவிடுகிறது.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், துணி துவைக்கும் இடத்துக்கு அடுத்த அறை. எப்போதும் சோப்பு நெடியும் டெட்டால் நெடியும் கலந்து அடிக்கும். பதினாறு வயதில் கண்ணாடி ஸ்லைடு கழுவ அங்கே வந்தவர். கழுவிக்கொண்டே, பார்க்கிறவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று வேலை கற்று, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கி, கடைசியில் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜனங்கள் கொண்டுவரும் மலத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் புழுவும் கிருமியும் தேடுவது வேலை. கல்யாணப் பேச்சின்போது எனக்கு "லேபில் பெரிய ஆள்" என்று சொன்னார்கள். என்ன லேப் என்று தாலி கட்டின பிறகுதான் தெரிந்தது. பட்டறையில் நாங்கள் அவருக்குப் புழு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தோம். அது அவர் காதுக்கும் போய்விட்டது.

"இன்ஸ்பெக்டருக்குச் சம்பளம் ஜாஸ்தி மாப்பிள. பேர் வச்சவங்க அதையும் வாங்கிக் குடுத்துடுங்க" என்றார்.

அறையின் ஜன்னல் தெருவின் தரைமட்டத்தில் இருந்தது. வெளியே நடக்கிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். ஜனங்கள் மலம் கொண்டுவரும் டப்பாவை வாங்குவதற்குச் சுவரில் ஒரு சின்னத் திறப்பு. டப்பாவை நீட்டுகிறவர் முகத்தை அவர் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கையை மட்டும் நீட்டுவார், எண் எழுதுவார், சீட்டைக் கொடுப்பார்.

"ஏன் மச்சான், அவ்வளவு கௌரவமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எனக்கென்ன கௌரவம்? மூஞ்சியப் பாத்துட்டேன்னு வைங்க, நாளைக்குக் கடைத்தெருவுல என்னப் பாத்ததும் அவங்க சந்துக்குள்ள ஓடணும். பாவம்."

எனக்கு முப்பது வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. அதற்கு மூன்று வருஷம் கழித்து வயிற்றுப்போக்கு பிடித்தது. ஒரு வாரம், ஒரு மாசம், மூன்று மாசம். நிற்கவில்லை. சர்க்கரை மாத்திரை அப்படித்தான் பண்ணும் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினேன். போக்கு நிற்கவில்லை, சர்க்கரைதான் மளமளவென்று ஏறியது. லாரி பாடிக்கு வெல்டிங் வைக்கும்போது கை நடுங்கி, இரும்பை ஒட்டவைக்கும் பற்று, நேராக ஓட வேண்டியது, கோணல்மாணலாக ஓடியது. மேஸ்திரி பார்த்தார். ஒரு மாசத்தில் தேறாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கைக்குழந்தையோடு என் மனைவி அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

மச்சான்தான் தன் லேபுக்குப் பிடித்துக்கொண்டு போனார். முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. "அதான் இல்லைன்னு வந்துடுச்சே, விடுங்க" என்றேன்.

"அது தினமும் தலை காட்டாது மாப்பிள. மூணு நாள், மூணு தடவை. நீங்க ஒரு கதவுக்கு எத்தனை எடத்துல வெல்டிங் வைக்கிறீங்க? ஒரு எடத்துல வச்சுட்டு எழுந்து போயிடறீங்களா?"

மூன்றாவதில் மாட்டியது. என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப் குழாயில் கண்ணை வைக்கச் சொன்னார். பேரிக்காய் மாதிரி ஒன்று. அதற்குள் இரண்டு கண். என்னையே பார்த்தது. ஜியார்டியா என்று பெயர் சொன்னார். நான் சட்டென்று பின்வாங்கினேன். அவரோ புதையல் எடுத்தவர் போல நின்றார்.

அப்போது அந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். சர்க்கரையும் இருந்து இந்த மாதிரிக் கிருமியும் இருப்பவர்கள் எல்லோருக்கும் கிருமியைக் கொல்லும் மாத்திரை உண்டு. அதோடு தினம் ஒரு பொடிப் பொட்டலம், இருபது நாளைக்கு. பாதிப் பேருக்குப் பொட்டலத்தில் உயிருள்ள நல்ல கிருமி, தயிரில் இருக்குமே அந்த இனம். மீதிப் பேருக்கு வெறும் மாவு. மாத்திரைக்குப் பொடி துணை நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பொட்டலம் அடைத்த ஒரு பெட்டியில் வட்ட முத்திரை, இன்னொன்றில் முக்கோணம். எது எது என்பது டாக்டரம்மாவின் அலமாரியில் ஒட்டிய உறைக்குள் இருந்தது. ஸ்லைடு பார்க்கிற மச்சானுக்கும் தெரியக் கூடாது.

ஆராய்ச்சி நோட்டில் என் எண் இருபத்தேழு. எனக்கு முக்கோணம் வந்தது. அன்று சாயங்காலமே என் மனைவி அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, எது நல்லதுன்னு காதுல சொல்லு. யாருக்கும் தெரியாது."

"எனக்கே தெரியாது."

"விசாரிச்சுச் சொல்லேன்."

"தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்."

"கூடப் பொறந்தவ கேக்கறேன். உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

"கொல்ற மாத்திரை எல்லாருக்கும் ஒண்ணுதான். அத ஒரு வேளை விடாம முழுங்கச் சொல்லு. சக்கரை மாத்திரையத் திருட்டுத்தனமா நிறுத்தினாரே, அதையும் போடச் சொல்லு. எரக்கம் அதுலதான் இருக்கு."

முழுங்கினேன். வாயெல்லாம் இரும்பு ருசி. பட்டறையிலும் இரும்பு, சோற்றிலும் இரும்பு. பொடியையும் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். மூன்றாம் வாரம் உடம்பு தேறத் தொடங்கியது. பற்று நேராக ஓடியது. மேஸ்திரி வேறு ஆள் தேடுவதை விட்டார். எங்கள் வீட்டில் திரும்பச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் என் மனைவி உளறினாள். மச்சான் வந்திருந்தார். டீயைக் கையில் கொடுத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னாள்: "நீ சொல்லலைன்னா எங்களுக்கு வழி தெரியாதா? ஆஸ்பத்திரி பெஞ்சில ஒரு தையல்காரம்மா பழக்கமானாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு வட்டம். நான் பத்து முக்கோணம் குடுத்தேன், அவங்க பத்து வட்டம் குடுத்தாங்க. எது நெசமா இருந்தாலும் ரெண்டு பேருக்கும் பாதி கிடைச்சுடுமில்ல?"

எனக்கே அது அப்போதுதான் தெரியும். நல்ல மூளை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். மச்சான் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"எத்தனாவது நாள்லேருந்து?"

"ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? அவருக்குத்தான் குணமாயிடுச்சே!"

"குணமாயிடுச்சு. எதனால?" என்றார்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அந்தம்மா நல்லவர். "உங்க தங்கச்சி வீட்டுக்காரர்தானே, ஆராய்ச்சி முடியப்போற நேரம், போகட்டும் விடுங்க" என்றார்.

"இல்லம்மா. இத விட்டா மீதி இருக்கற நம்பரையெல்லாம் நானே நம்பமாட்டேன்."

நோட்டை விரித்தார். இருபத்தேழுக்கு ஒரு கோடு, தையல்காரம்மா வீட்டுக்காரருடைய முப்பத்தொன்றுக்கு ஒரு கோடு. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ திருடிப் பிடிபட்டவன் மாதிரி காது சுட்டது. நான் செய்யாத தப்புக்கு, சொந்த மச்சான் கையால்.

என் மனைவி ஏழு மாசம் அவரோடு பேசவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, "டப்பா" என்பார். ஆராய்ச்சியிலிருந்து என்னை எடுத்தாகிவிட்டது, யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் ஆறு மாசம் அவரே வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். சீட்டில் எழுதி என் மனைவி கையில் கொடுக்காமல் ஜன்னலில் செருகிவிட்டுப் போவார். "இல்லை." ஒரே சொல். ஏழாவது மாசம் அவள் தானாக, "சாப்பிட்டுட்டுப் போறது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "கூப்பிட்டது சுவரைன்னா சுவரே சாப்பிடட்டும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பிற்பாடு நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "அந்தப் பொடிதானே மச்சான் என்னைத் தூக்கி விட்டது?"

"கொன்னது மாத்திரை. பொடி கை குடுத்துச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் அத்தனை பேரை உட்கார வச்சோம். உங்க விஷயத்துல அது தெரியாமப் போச்சு. தெரியாதுன்னா தெரியாதுதான்."

இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவே இல்லை. பொடிதான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மருந்துக்கடையில் நல்ல கிருமி கேப்ஸ்யூலாக விற்க ஆரம்பித்ததும், வயிறு கொஞ்சம் முணுமுணுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தது.

இதய வீக்கம் என்று மச்சானைப் படுக்க வைத்தபோதும் அப்படித்தான். நாற்பத்திரண்டு வருஷம் அடித்தளத்தில் இருந்தவரை அதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் போட்டிருந்தார்கள். "மாப்பிள, இங்கேருந்து ஜனங்களுக்குத் தலை இருக்கறது தெரியுது" என்றார். பகலில் நான்தான் துணை. எனக்கு மூன்று வாரமாக வயிறு சரியில்லை, கேப்ஸ்யூலில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை எழுந்து போய்விட்டு வந்தேன். அவர் கண்ணை மூடித்தான் இருந்தார், ஆனால் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எத்தனை நாளா?"

"ஒண்ணுமில்ல மச்சான். கேப்ஸ்யூல் போட்டுருக்கேன். சரியாயிடும்."

"அது தொணைக்கு வர்ற ஆளு மாப்பிள. எதிரி யாருன்னே பாக்காம தொணைய மட்டும் அனுப்பிச்சா அது என்ன பண்ணும்?" மூச்சு வாங்கியது. கையைக் காட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "சக்கரை மாத்திரை?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலு நாளாக நிறுத்தியிருந்தேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவர் என்னோடு பேசியது அன்றைக்குத்தான் கடைசி. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரைய இன்னைக்கே போடுங்க. நாளைக்குக் காலைல கீழ போய் டெஸ்டுக்குக் குடுங்க. இல்லைன்னு வந்தா மறுபடி குடுங்க. மூணாவதும் குடுங்க. என்ன வந்துச்சுன்னு எனக்கு வந்து சொல்லுங்க."