படுக்கை இல்லை என்று நான் சொன்னது

செவ்வாய்க்கிழமை காலை, காப்பீட்டு மேசையில் உட்கார்ந்து கணினியைத் திறப்பதற்குள் கைபேசி அடித்தது. மலையிலிருந்து குப்பம்மாள் அக்காவின் தங்கை பேசினார். "அக்கா போய்ட்டாங்க சுமதி. வழியிலயே..." என் முன்னால் அட்டையோடு நான்கு பேர் நின்றிருந்தார்கள். நால்வருமே வயதானவர்கள்.

ஜவ்வாது மலையில் அக்காவைத் தெரியாத வீடு குறைவு. ஐம்பத்தெட்டு வயது, சுகாதாரத் தன்னார்வலர். அரசு காப்பீட்டு அட்டை எடுத்துக் கொடுப்பார். அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவர்களை ஜமுனாமரத்தூரில் பஸ் ஏற்றி, அடிவாரத்தில் நான் வேலை செய்யும் தனியார் மருத்துவமனைக்குத் தானே அழைத்து வருவார். மேசைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாகப் பல ஆண்டுகள் பழகினோம்.

அட்டைக்காரர் இவர்தானா என்று சரிபார்க்கும் கைரேகைக் கருவிக்கு மலைக்காரர்களின் விரல் பிடிபடாது. சாமை அறுத்து, புளி உடைத்து, ரேகை தேய்ந்திருக்கும். ஒரு மூதாட்டியின் பத்து விரல்களையும் கருவி மறுத்த அன்று, அக்கா கேன்டீனில் வெந்நீர் வாங்கி வந்து அந்தக் கைகளை ஊறவைத்தார். துடைப்பதும் வைத்துப் பார்ப்பதுமாக மதியமாகிவிட்டது. கடைசியில் இடது சுண்டுவிரல் பதிந்தபோது வரிசையே கைதட்டியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "கவனிச்சியா சுமதி? முன்னெல்லாம் குடல்வால், காய்ச்சல்னு சிறுசுங்களும் வந்துச்சி. இப்ப வர்றது எல்லாம் பெருசுங்க" என்றார்.

இதையே ஜமுனாமரத்தூரில் நடந்த காப்பீட்டுத் திட்ட விளக்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார். "ஐயா, முன்ன வூட்டுக்கு ஒரு பெரியவங்க இருந்தாங்க. இப்ப ஊரே பெரியவங்க. படுத்தா லேசுல எழுந்திரிக்கிறதில்ல. சம்பாதிச்சி வரி கட்ற வயசுல ஆளுங்க கொறஞ்சிட்டே போறாங்க. இந்தக் கார்டுக்கு இன்னும் எத்தன நாளைக்கிப் பணம் வரும்?"

"அரசு பாத்துக்கும்மா" என்றார் அதிகாரி.

"அரசுன்னா இன்னாங்க? அதுவும் நாமதான?"

கூட்டம் சிரித்தது. அதிகாரி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வெளியே வந்ததும் அக்கா என்னிடம் சொன்னார்: "கார்ட நிறுத்த மாட்டாங்க. ஓட்டு போய்டும். கார்டு இருக்கும், உள்ள சேத்துக்கத்தான் ஆள் இருக்காது."

அப்போதே எங்கள் மருத்துவமனையில் அது தொடங்கியிருந்தது. ஓர் அறுவைச் சிகிச்சைக்குத் திட்டம் தரும் தொகை அப்படியே நிற்க, மருந்தும் உபகரணமும் விலை ஏறிக்கொண்டிருந்தன. வர வேண்டிய தொகையும் தாமதமானது. அட்டையோடு வருபவர்களுக்குச் சில படுக்கைகள் மட்டும், வெகுநாள் தங்கக்கூடிய முதியவர்களுக்குக் கடைசியில் என்று நிர்வாகம் வாய்மொழியாகச் சொன்னது. யாராவது கேட்டால், "படுக்கை இல்லை."

போன ஆடியில் சடையன் என்ற பெரியவரை அக்கா ஜீப்பில் கொண்டுவந்தார். பலாமரத்தடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பிள்ளைகள் கேரளத்தில் கட்டட வேலையில் இருந்தார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டே "படுக்கை இல்லக்கா" என்றேன்.

அக்கா மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "மேல ஆறு கட்டில் சும்மா கெடக்குது." குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "உன்னச் சொல்லி இன்னா பண்றது? சொல்லச் சொன்னாங்க, சொல்ற. இன்னிக்கிப் பொய்யா சொல்ற. நாளைக்கி நெசமாவே கட்டில் இருக்காது."

சடையனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே அதே மாதிரி முறிவோடு நடைபாதை வரை ஆட்கள் கிடந்தார்களாம். அவர் முறை வருவதற்குள் படுக்கைப்புண் வந்துவிட்டது. கார்த்திகையில் இறந்துபோனார். அதன் பிறகும் அக்கா மற்றவர்களை அழைத்து வந்தார். என்னிடம் முன்போலவே பேசினார். என்னால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது திங்கட்கிழமை சாயங்காலம். ஆம்புலன்ஸ் மலை இறங்கியதும் ஓட்டுநர் எங்கள் மருத்துவமனைப் பக்கம் திருப்பியிருக்கிறார். அக்கா தங்கையின் கையைப் பிடித்துத் தடுத்தாராம். "அங்க வேணாம். அந்தப் பொண்ணு மறுபடியும் இல்லன்னு சொல்ற மாதிரி ஆயிடும். கவர்மெண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்டலாம்." போய்ச் சேரவில்லை.

அன்று சாயங்காலம் எங்களிடம் படுக்கை இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்போமா? எனக்குத் தெரியாது. கேட்கவே வேண்டாம் என்று அவர் முடிவு செய்ததற்குக் காரணம் நான்.

அடக்கத்துக்குப் போனேன். பாடையைத் தூக்கியவர்களில் நரைக்காத தலை ஒன்றுகூட இல்லை. பத்தடிக்கு ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். இவர்கள் விழுந்தால் யார் தூக்குவார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அக்கா அன்று கூட்டத்தில் கேட்டதன் பொருள் அங்கேதான் முழுதாகப் புரிந்தது.

அவரை அறிந்து இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, முகத்தைப் பார்த்துப் பேசுவது. நேற்று மலையிலிருந்து ஒரு பெரியவர் மூட்டு வீங்கி வந்தார். "படுக்கை இருக்குது தாத்தா. இந்தக் கார்டுக்குத் தர மாட்டேங்கறாங்க. புகார் எழுதித் தர்றேன், கலெக்டர் ஆபீசுல குடுங்க" என்றேன். அதைக் கேட்டு, வரிசையில் நின்ற இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் எழுதித் தரச் சொன்னார்கள்.

மதியம் மேலாளர் கூப்பிட்டார். திட்டவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு, "உங்களுக்கும் வயசாவுது இல்லம்மா? இனிமே வேற எடத்துல வேல கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.