நோன்பு முறிக்காத ஊசி

நான் இருபத்திரண்டு வருஷமாக ஜிம்முக்குப் போகிறேன். இதை நானே சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். சட்டை போட்டிருந்தால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. போன வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒருவன், "நானா, எத்தின மாசமா வாறீங்க?" என்று கேட்டான். இருபத்திரண்டு வருஷம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இடையில விட்டுட்டீங்களா?" என்றான். நல்ல பிள்ளை, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்று கூப்பிட்டு மரியாதையாகத்தான் கேட்டான்.

கற்பிட்டியில் எனக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. வயது நாற்பத்தேழு. கடையைப் பூட்டிவிட்டு நேரே ஜிம்முக்குப் போவேன். இத்தனை காலத்தில் என் கை இரண்டு அங்குலம் கூடியிருக்கிறது. அதிலும் அரை அங்குலம் ஒவ்வொரு பெருநாளோடும் போய், மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும். ஆனால் எனக்கு விஷயம் தெரியும். எந்த மூட்டு எந்த நாளில் முறைக்கும், எந்தப் பாரத்தைப் பார்த்ததும் சலாம் சொல்லிவிட்டு விலகிப் போக வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. முதுகு பிடித்து ஒருநாள்கூட நான் படுத்ததில்லை. இதையெல்லாம் கண்ணாடியில் காட்ட முடியாது என்பதுதான் கவலை.

என் மனைவியின் தம்பியை நான்தான் ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு இருபத்தாறு வயது. ஆலங்குடாவில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரருக்குக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கப் பழக்குகிறவன். இரண்டு மாதம் நான் சொன்னபடி செய்தான். மூன்றாம் மாதம் வந்து, "மச்சான், உங்கட முறையில போனா எனக்கு நெஞ்சு வாற நேரம் பல்லு போயிரும்" என்றான். அதன்பிறகு ஜிம்மில் மூலையில் நிற்கிற நான்கு பெடியன்களோடு சேர்ந்துகொண்டான்.

நான்கு மாதத்தில் ஆள் ஊதிவிட்டான். கழுத்தைக் காணவில்லை. இரண்டு கையும் உடம்போடு ஒட்டாமல் விலகி நின்றன. பள்ளியில் தொழுகைக்கு நின்றால் பக்கத்தில் ஒரு ஆளுக்குரிய இடம் போய்விடும். பொறாமையா என்று கேட்டால், ஓம், பொறாமைதான். ஏன் மறைக்க வேண்டும்? நான் இருபத்திரண்டு வருஷம் வியர்வை சிந்திய கண்ணாடிக்கு முன்னால் அவன் நின்று நெஞ்சைத் துடிக்க விட்டு, "மச்சான், இதப் பாருங்க" என்பான். பார்த்துத் தொலைப்பேன்.

எல்லாம் ஊசி. கிழமைக்கு இரண்டு. மூலைக் கூட்டத்தில் ஒருவன்தான் போட்டுவிடுவான். ஒருநாள் அந்தச் சின்னப் போத்தலை நானும் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சமையல் எண்ணெய் மாதிரி இருந்தது. "உங்களுக்கும் ஒண்டு போடுவமா?" என்று கேட்டான் போடுகிறவன். வேண்டாம் என்று உடனே சொல்லவில்லை. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது மச்சானின் நெஞ்சு. நோன்புக்கு இரண்டு மாதம் முந்தி, றஜபு மாதத்தில் ஒருநாள் கடைக்கு வந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து, சட்டையைத் தூக்கினான். நெஞ்சுக் காம்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. தொட்டால் நோகிறதாம். "மச்சான், கேன்சரா?" என்று கேட்டான். தெரிந்தவர் கண்ணில் படாத தூரம் வேண்டுமென்று அவனைச் சிலாபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

டொக்டர் அமத்திப் பார்த்துவிட்டு, "என்ன ஊசி போடுறீர்?" என்றுதான் முதலில் கேட்டார். இது கேன்சர் இல்லை, பொம்பிளைகளுக்கு வளர்வது போல உமக்கும் வளரத் தொடங்கியிருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். கல்யாணம் முடித்தாச்சா, பிள்ளை இருக்கா என்று அடுத்ததாகக் கேட்டார். இரண்டு வருஷம், பிள்ளை இல்லை. இன்னொரு பரிசோதனைக்கு எழுதித் தந்தார். அடுத்த கிழமை ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை என்றார். "இந்தச் சாமானை நிப்பாட்டும். சிலருக்கு ஒரு வருஷத்தில திரும்பி வரும், சிலருக்கு வராது. எவ்வளவு கெதியா நிப்பாட்டுறீரோ அவ்வளவு நல்லம்."

வரும் வழியில் அவன் என் கையைப் பிடித்து, அல்லாஹ்வுக்காக யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினான். கொடுத்தேன். நிப்பாட்டுவாயா என்று கேட்டேன். பெருநாளைக்குப் பிறகு சிலாபத்தில் ஒரு ஆணழகன் போட்டி இருக்கிறதாம், அது முடியட்டும் என்றான்.

இதில் பகிடிக்கு இடமில்லாத ஒன்று இருந்தது. அவனுடைய மனைவி கரைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை. குடும்பம் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்த குடும்பம். அவளுக்குச் சீதனமாகக் கட்டுகிற வீடு இன்னும் கூரை ஏறவில்லை, அதனால் அவனுடைய உம்மாவோடு, அதாவது என் மாமியோடுதான் இருந்தார்கள். பிள்ளை தங்காததற்குக் காரணம் அவள்தான் என்று மாமி முடிவெடுத்து ஒரு வருஷமாகிவிட்டது. "நோன்பு முடியட்டும், பெருநாளைக்குப் பிறகு என்ட மகனுக்கு வேற ஒரு இடம் பார்க்கத்தான் வேணும்" என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தார். என் மனைவி அதை என்னிடம் சொல்லி அழுதாள். நான் சீமெந்து வாய்க்குள் போட்டவன் மாதிரி இருந்தேன்.

நோன்பு வந்தது. மச்சானுக்கு ஒரு பெரிய மார்க்கப் பிரச்சினை எழும்பியது. ஊசி போடுகிறவன் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னால்தான் ஜிம்முக்கு வருவான். இரவில் வீட்டில் போடலாமென்றால் மனைவி காண்பாள். அப்படியென்றால் நோன்போடு போட வேண்டும். நோன்பு முறியுமா? அவனுக்கு அல்லாஹ்விடம் பயம் இருந்தது, டொக்டரிடம்தான் பயம் இருக்கவில்லை.

எங்கள் பள்ளியில் நோன்பு காலத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு தொழுகை நடத்துகிற ஹஸ்ரத் மார்க்க பயான் செய்வார். முடிவில் யாரும் கேள்வி கேட்கலாம். இறுக்கமான டீ சேர்ட்டோடு இவன் எழும்பி நின்றான்.

"ஹஸ்ரத், கிழமைக்கு ரெண்டு தரம் தொடையில ஊசி ஒண்டு போடுற ஆளுக்கு, நோன்போட போட்டா நோன்பு முறியுமா?"

ஹஸ்ரத் இளகிய மனசுக்காரர். "சாப்பாட்டுக்குப் பதிலா ஏத்துற ஊசி இல்லாட்டி முறியாது வாப்பா. சீனி வருத்தக்காரங்க போடுற ஊசியும் அப்படித்தான். நோயாளிகளுக்கு மார்க்கத்துல லேசு இருக்கி. மனச விட வேணாம்" என்றார். பிறகு கையை ஏந்தி, நோயில் இருக்கும் இளைஞர்களுக்காக நீண்ட துஆ கேட்டார். பள்ளி முழுக்க ஆமீன் சொன்னது. முன்வரிசையில் இருந்த ஒரு வயசாளி திரும்பிப் பார்த்து, "யா அல்லாஹ், இந்த வயசுலயா? பார்த்தா ஒண்டும் தெரியல்லியே" என்றார்.

மச்சான் மகிழ்ச்சியோடு என்னிடம் வந்து, "கேட்டீங்களா? ஹஸ்ரத்தே சொல்லிட்டாரு" என்றான். என்ன ஊசி என்று அவர் கேட்டாரா என்றேன். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்தானே" என்றான். எனக்கு அவனை அறையத் தோன்றியது. ஆனால் அந்தக் கன்னத்தில் என் கைதான் நொந்திருக்கும்.

பொழுதுபட மஃரிப் தொழுகைக்கு முன்னால் ஊருக்கே தெரிந்துவிட்டது, அவனுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்று. அடுத்த நாளிலிருந்து நோன்பு திறக்கும் நேரம் அவன் முன்னால் இருந்த பேரீச்சம்பழத் தட்டு ஒவ்வொரு கையாக மாறித் தூரப் போனது. சர்பத்துக்குப் பதில் தண்ணீர். அயல்வீட்டுப் பெண்கள் பாவற்காய்ச் சாறு, தெபு இலைச் சம்பல், பேர் தெரியாத கசாயம் என்று தினமும் கொண்டு வந்தார்கள். "எனக்குச் சீனி இல்ல!" என்று கத்தினான். "எல்லாரும் முதல்ல அப்படித்தான் வாப்பா சொல்லுவாங்க" என்று அவன் தலையைத் தடவினார்கள். ஜிம்மில் மூலைக் கூட்டம்கூட அவனைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அந்த நோன்பு போல சந்தோஷமான நோன்பு முன்பு வாய்த்ததில்லை. தினமும் கேட்டுச் சிரிப்பதற்காகவே மனைவியை மாமி வீட்டுக்கு அனுப்பி வைப்பேன்.

இதற்குள் நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. சீனி இருந்தால் பிள்ளை தங்காதாம் என்று யாரோ மாமியிடம் சொல்லிவிட்டார்கள். மாமி இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் மருமகளுக்கு முதல் கோப்பைக் கஞ்சியைத் தன் கையால் ஊற்றிக் கொடுத்தாராம். வேறு இடம் பார்க்கிற கதையும் நின்றது. அவள் அந்தக் கிழமை சத்தமாகச் சிரித்ததைக் கேட்டேன் என்று என் மனைவி சொன்னாள். பொய்யோ மெய்யோ, அல்லாஹ் ஒரு வழியைத் திறந்துவிட்டான், இனி நான் வாயைத் திறக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மச்சானுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் மாமி வீட்டில் நோன்பு திறக்கக் கூடியிருந்தோம். பாங்குக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. அவன் எங்கோ இரவல் வாங்கிய சீனி பார்க்கிற மெஷினோடு வந்து நடுவில் உட்கார்ந்தான்.

"நோன்போட பார்த்தாத்தான் சரியான கணக்கு. எல்லாரும் பாருங்க" என்று விரலைக் குத்தினான். குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டான். தொடையில் நூறு ஊசி வாங்கியவன். மெஷினில் எண் வந்தது. எல்லோருக்கும் சுற்றிக் காட்டினான். எனக்கு வருவதைவிட நல்ல எண். "பார்த்தீங்களா உம்மா? ஒரு வருத்தமும் இல்ல. என்ட உடம்பு இரும்பு!"

மாமி கையை ஏந்தி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கண்ணைத் துடைத்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் நின்ற மருமகளைப் பார்த்தார். "அப்ப குறை யாருக்கு எண்டு எல்லாருக்கும் விளங்குதுதானே. பெருநாள் முடியட்டும். நான் சொன்னதுதான்."

அவள் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். மச்சான் அந்த மெஷினைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தான். நான் தட்டில் இருந்த சமோசாக்களை எண்ணத் தொடங்கினேன்.

பிறகு அவன், "உம்மா, குறை எனக்குத்தான்" என்றான். "சீனி ஊசி இல்ல. உடம்புக்குப் போட்டது. டொக்டர் பார்த்திட்டாரு. எனக்கு உயிரணு ஒண்டும் இல்லியாம். அவளுக்கு ஒரு குறையும் இல்ல."

மாமிக்கு விளங்க நேரம் எடுத்தது. என் மனைவி இரண்டு தரம் விளக்கிச் சொன்னாள். விளங்கியதும் பக்கத்தில் கிடந்த விசிறியால் மகனின் முதுகில் அடித்தார். அந்த முதுகில் அது சத்தம்கூடப் போடவில்லை. "இந்த இறைச்சிக்காகவாடா? இந்த இறைச்சிக்காகவா என்ட பேரப்புள்ளய வித்த?" என்று அடித்துக்கொண்டே அழுதார். அவன் அசையாமல் இருந்து வாங்கினான்.

"மாமி, விடுங்க" என்றாள் மருமகள். அவள் அழவில்லை. புருஷனைப் பார்த்து, "எனக்கும் பிள்ளை தங்க ஊசி போட்டாங்க. உங்களுக்குத் தெரியாது. மாமிதான் புத்தளத்துக்குக் கூட்டிப் போறது, ஆம்பிளைகளுக்குச் சொல்ல வேணாம் எண்டு. வயித்துல போடுறது. போட்டா ரெண்டு நாளைக்குத் தலை தூக்க ஏலாது. புருஷனைக் கூட்டி வாங்க எண்டு அந்த டொக்டர் மூணு தரம் சொன்னாரு. மாமி போன்ல உங்கட போட்டோவக் காட்டினாங்க. இந்த உடம்புக்கு என்ன டெஸ்ட் வேணும் டொக்டர் எண்டு கேட்டாங்க" என்றாள்.

மாமி விசிறியைக் கீழே போட்டார். மச்சான் குனிந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். பாங்கு சொன்னது. என் மனைவி ஒவ்வொருவர் கையிலும் தண்ணீரைக் கொடுத்தாள். நான் ஒரு மிடறு குடித்தேன்.

அப்போது அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பினாள். "நானா, உங்களுக்கு இது முந்தியே தெரியுமா?"

இல்லை என்று சொல்லலாம். சத்தியம் கொடுத்தேன் என்றும் சொல்லலாம். இரண்டுமே வரவில்லை. "ஓம்" என்றேன்.

"எப்ப இருந்து?"

"றஜபு மாசம்."

அவள் பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு மெல்ல எண்ணினாள். நாலாவது விரலில் ஒரு கணு மட்டும் மிஞ்சியது.

"அதுக்குப் பிறகு எனக்குப் பதினொண்டு ஊசி, நானா" என்றாள்.