கத்தரிப்பூக் காரை மழையில் நனைத்த சறோ அக்கா

செய்தி வந்தபோது நான் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மீன்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பெண்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருவர், "சறோ அக்கா மோசம் போயிட்டா" என்று போட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர் அவசரத்தில் கட்டைவிரலை உயர்த்தி, பதறிப்போய் அதை அழித்து, அழுகிற முகம் போட்டார். நம்ப முடியாமல் அக்காவின் கணவர் தயாபரன் அண்ணைக்கு அடித்தேன்.

"ஓம் தங்கச்சி. விடிய தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்தன். எழும்பேல்லை," என்றார். பிறகு, "காரை மூடிப் போட்டன்," என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதல் வசனத்துக்கு வராத அழுகை இந்த வசனத்துக்கு வந்தது. மீன்காரர் விளைமீனைக் கையில் பிடித்தபடி வெட்டுவதா விடுவதா என்று முழித்தார். விடச் சொல்லிவிட்டு நடந்தேன்.

சறோ அக்காவை அறிந்தவர்களுக்கு அது எந்தக் கார், அதை மூடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இருந்து கேளுங்கள். சில சங்கதிகள் உங்களுக்கும் தெரியாது. இவ்வளவு காலமும் அவற்றை வெளியில் விடாமல் வைத்திருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட தவம் என்று விளங்கும்.

அக்கா லண்டன் பஸ் ஓட்டியவர். ஆள் கட்டை. இரண்டு தட்டுச் சிவப்புப் பஸ்ஸின் சுக்கானுக்கு மேலால் ஒரு கொண்டையும் இரண்டு கண்ணும் மட்டும் தெரியும். எங்கள் முதல் சந்திப்பும் பஸ்ஸில்தான். நான் மரக்கறிப் பையோடு விழுந்தடித்து ஓடி வந்து ஏறினேன். ஏறிய பிறகுதான் காலில் ஒரு செருப்பு இல்லை என்று தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நல்ல யாழ்ப்பாணத் தமிழில் ஒரு குரல் வந்தது. "மற்றதையும் எடுத்துக்கொண்டு வாரும். நான் நிக்கிறன்." முழுப் பஸ்ஸும் பார்த்துக்கொண்டிருக்க, நான் இறங்கி நடுரோட்டில் கிடந்த செருப்பைப் பொறுக்கி வந்தேன். அன்றைக்குப் பிடித்த சினேகிதம்.

தயாபரன் அண்ணை ஜெர்மனியில் கார்ப் பட்டறையில் தகரம் தட்டிப் பழகியவர். பிறகு இங்கே வந்து மிச்சம் என்கிற ஊரில் சொந்தமாகக் கராஜ் போட்டார். எங்கோ ஒரு பண்ணையில் கோழிகள் குடியிருந்த ஒரு பழைய ஏ-ஃபோர்ட்டி காரைக் கண்டு, அதைத் தூக்கி வந்து, வருடக்கணக்காக மினக்கெட்டார். கூரையைத் தாழ்த்தினார். பின்சில்லுகளை அகலமாக்கினார். வயிற்றுக்குள் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை இறக்கினார். கிழட்டுக் காருக்குக் காளையின் இருதயத்தை வைக்கிற இந்த வேலைக்கு இங்கத்தைய ஆட்கள் 'ஹொட் ரொட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசியில் அதற்குக் கத்தரிப்பூ நிறம் அடித்தார். வெயிலில் அது ஒரு கத்தரிப்பூ, நிழலில் வேறொரு கத்தரிப்பூ. என் கல்யாணக் கூறைக்கே அந்த மினுக்கம் இருக்கவில்லை.

ஒரே ஒரு குறை. கார் ஓடாது. ஓட ஏலாததல்ல, அண்ணை ஓட விடமாட்டார். இன்சூரன்ஸ் இருந்தது, வரி கட்டியிருந்தது, எல்லாம் ஒழுங்கு. ஆனால் அது கம்பளம் விரித்த வீட்டுக் கராஜில் போர்வைக்குள் படுத்திருந்தது. உள்ளே இருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். கண்காட்சிகளுக்கு ஹவுன்ஸ்லோவிலிருந்து அண்ணையின் தம்பி ட்ரெய்லர் கொண்டுவருவார். கார் அதில் ஏறி, போர்வைக்குள்ளேயே போய், புல்லில் நின்று, படம் பிடிபட்டு, போர்வைக்குள்ளேயே திரும்பி வரும். அதன் முன்னால் அண்ணை ஒரு பலகை வைப்பார்: 'கட்டி முடித்த நாள் முதல் தெருவில் ஓடாதது.'

"ஓடாத வண்டிக்கு என்ன பேர் தெரியுமோடி வசந்தி?" என்று அக்கா கேட்பார். "அலுமாரி."

சிரித்தேனே தவிர எனக்குள் குத்தியது. அவர்கள் வீட்டுச் சோபா செற்றிக்கு வாங்கிய நாளில் இருந்த பொலித்தீன் உறை இன்னும் கழலவில்லை. வெயில் காலத்தில் இருந்து எழும்பினால் தோலும் கூட வரும். கண்ணாடி அலுமாரிக்குள் பூப்போட்ட டின்னர் செற் ஒன்று யாரோ பெரிய விருந்தாளிக்காகக் காத்திருந்தது. நான் மட்டும் திறமோ? என் மனுசன் வாங்கித் தந்த பஷ்மினாச் சால்வை பெட்டி உடையாமல் கிடந்தது, ஒரு நல்லதுக்குப் போடலாம் என்று. அந்த நல்லது எது என்று எனக்கே தெரியாது.

அக்கா பென்ஷன் எடுத்த அடுத்த வருடம் இரண்டு காரியம் ஒன்றாக வந்து சேர்ந்தன. கண்ணில் பிரஷர் என்று டொக்டர் கண்டுபிடித்தார். இப்போதைக்கு ஓட்டலாம், ஆனால் பக்கப் பார்வை குறைந்துகொண்டு போகிறது, அடுத்த வருடம் அனேகமாக லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும் என்றார். அதே மாதத்தில் சரே பக்கத்துப் பெரிய வளவுக்காரர் ஒருவர், கார் சேர்க்கிற பைத்தியம், கத்தரிப்பூக் காரை விலைக்குக் கேட்டார். காற்றைக்கூட அளந்து விடுகிற மண்டபம் ஒன்று அவரிடம் இருந்தது. அங்கே கார் நிற்கும். பக்கத்தில் பித்தளைத் தகட்டில் அண்ணையின் பெயர் இருக்கும். சனிக்கிழமைக் கண்காட்சிக்கு வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. அண்ணைக்குக் காசைவிடத் தகட்டில்தான் கண்.

முழு வாழ்க்கையும் ஊர்ச்சனத்தை ஏற்றி இறக்கிய மனுசி, தன் வீட்டுக் காரின் சுக்கானை ஒரு தரமாவது பிடிக்காமல் லைசென்ஸைக் கொடுக்க வேண்டும். அதுதான் கணக்கு.

வெள்ளிக்கிழமை காலை அண்ணை ட்ரெய்லர் விஷயமாக ஹவுன்ஸ்லோவுக்குப் போய்விட்டார். அக்கா எனக்கு அடித்தார். "வெளிக்கிட்டு வா. கோயிலுக்குப் போறம். நாலு தேசிக்காய் வாங்கிக்கொண்டு வா."

புதுக் கார் எடுத்தால் கோயில் வாசலில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கி ஓட்டுவது நம் எல்லாருக்கும் பழக்கம். கத்தரிப்பூவுக்கு மட்டும் அது நடக்கவில்லை. தேசிக்காய்ப் புளி ரயரைத் தின்னும், சந்தனம் பெயின்றில் கறை பிடிக்கும் என்று அண்ணை தடுத்துவிட்டார். காரைப் படைத்தவருக்கே அதன் மேல் ஒரு பொட்டு வைக்கத் துணிவில்லை.

நான் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றப் போனேன். "போட்டுக்கொண்டு ஏறடி," என்றார் அக்கா, திறப்பைத் திருப்பினார்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? முதலில் கராஜுக் கூரை அதிர்ந்தது, பிறகு என் வயிறு, பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் யன்னல். பத்துப் பேர் ஒன்றாகத் தவில் அடித்தால் வருகிற அந்த அதிர்வு, ஆனால் அடிவயிற்றுக்குள்ளிருந்து. மிச்சம் பொது வெளியைச் சுற்றி வரும்போது ட்ராமுக்கு நின்ற சனம் முழுக்கத் திரும்பியது. எதிரே வந்த பஸ் சாரதி அக்காவைக் கண்டுகொண்டு ஹோர்னை அமுக்கினார். அக்கா பதிலுக்கு அமுக்கினார். இறைச்சிக்கடைக்காரர் கத்தியோடு வாசலுக்கு வந்து நின்று கும்பிட்டார். என்னைக் கும்பிட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மேட்டில் ஏறும்போது அக்கா காலைக் கொஞ்சம் ஊன்றினார். என் தலை பின்னுக்குப் போனது, பல்லுக்குள் இருந்த தேவாரம் பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. வாய் திறந்தபடி, கண் கலங்கியபடி, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயில் வாசலில் நிறுத்தியதும் ஐயர் கற்பூரத் தட்டோடு வெளியே வந்து, காரைச் சுற்றி ஒரு தரம் நடந்து, "புதுசோ அம்மா?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. இண்டைக்குத்தான் பிறந்தது."

திருநீறு, சந்தனம், குங்குமம், பூ, எல்லாம் ஆயிற்று. நாலு தேசிக்காயும் நசிந்தன. திரும்பி வரும் வழியில் மழை பிடித்தது. சும்மா தூறல் அல்ல, வாளியால் ஊற்றுகிற மழை. நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். அக்கா வைப்பரைப் போட்டார். கத்தரிப்பூ நனைந்தால் மூன்றாவது நிறம் ஒன்று வருகிறது. அண்ணைக்கே தெரியாத நிறம்.

கராஜுக்குள் விட்டதும் துடைக்க ஒன்றும் போதவில்லை. அன்றைக்கென்று நான் அந்தச் சால்வையைப் பெட்டி உடைத்துப் போட்டு வந்திருந்தேன், கோயிலுக்கென்று. அக்கா என்னைக் கேளாமலே அதை உருவி எடுத்துக் காரைத் துடைக்கத் தொடங்கினார். சந்தனத்தைத் துடைத்தோம். திருநீறைத் துடைத்தோம். பூவைப் பொறுக்கினோம். சேற்றைக் கழுவினோம். போர்வையை மூடிவிட்டுத் தேத்தண்ணி குடித்தோம். எங்களைப் போல் கெட்டிக்காரிகள் உலகத்தில் இல்லை என்று நினைத்தோம்.

சனிக்கிழமை. கென்ற் பக்கத்தில் ஒரு புல்வெளி. கார் ட்ரெய்லரில் வந்து இறங்கியது. பலகை முன்னால் நின்றது. சரேக்காரர் வெள்ளைத் தொப்பியோடு பக்கத்தில் நின்றார். பரிசுக்குக் கார் பார்க்கிற நடுவர், வெள்ளை மீசைக் கிழவர், புல்லில் சரிந்து படுத்து டோர்ச் அடித்து ஒவ்வொரு சில்லாகப் பார்த்தார். பின்சில்லில் நிறுத்தினார். ரயர்ப் பள்ளத்துக்குள்ளிருந்து எதையோ நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மஞ்சளாக, தட்டையாக, கொட்டையோடு. இது என்ன என்று அண்ணையைக் கேட்டார்.

தேசிக்காயை மறந்துவிட்டோம். வண்டிச் சில்லில் அதைக் கண்டு கண்டு பழகிய எங்கள் கண்ணுக்கு அது அழுக்காகவே படவில்லை.

வெள்ளைக்காரருக்கு அது விளங்காத பொருள். அண்ணைக்கு விளக்கம் வேண்டுமோ? முகம் கறுத்தது, பிறகு சிவந்தது. நான் வானத்தில் பறவைகளைப் பார்த்தேன். ஒரு பறவையும் இல்லை. அக்கா மட்டும் அசையாமல் நின்றார்.

"சறோ," என்றார் அண்ணை. "எந்தக் கோயில்?"

"பிள்ளையார் கோயில்."

"ஆற்றை பேரில அர்ச்சனை?"

"உங்கட பேரிலதான். பின்னை? கட்டினது நீங்களெல்லோ."

அண்ணை தேசிக்காயைக் கையில் வாங்கிப் பார்த்தார். சரேக்காரர் ஏதோ கேட்டார். அது அவர் காதில் ஏறவில்லை. பிறகு அக்காவுக்குக் கிட்ட வந்து, களவாகக் கேட்பதுபோல், மெல்லக் கேட்டார்.

"மேட்டில இழுத்ததோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த எஞ்சினை ஆணி ஆணியாகக் கழற்றிப் பூட்டிய மனுசனுக்கு அது ஓடினால் எப்படி இருக்கும் என்று தெரியாது. எங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

"இழுத்ததோவோ? பறந்ததப்பா," என்றார் அக்கா.

அண்ணை போய்ப் பலகையை எடுத்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்கப் புல்லில் படுக்க வைத்தார். சரேக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த காருக்கு நகர்ந்தார். பரிசும் அவரோடு போனது. பின்னேரம் தம்பி வெறும் ட்ரெய்லரோடு ஹவுன்ஸ்லோவுக்குப் போனார். அக்கா சுக்கானில் இருந்தார். அண்ணை இடப்பக்கக் கதவைத் திறந்து, குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.

"சப்பாத்தோட ஏறுங்கோ," என்றார் அக்கா.

பின்சீற்றில் மடங்கி இருந்த நான் சாட்சி. முதல் மேட்டில் தயாபரன் அண்ணை போட்ட கூச்சலை அவருடைய கௌரவம் கருதி இங்கே எழுதவில்லை. இரண்டாவது மேட்டில் நானும் போட்டேன்.

அந்த ஒரு வருடமும் கத்தரிப்பூ கல்யாணவீடு போனது, செத்தவீடு போனது, மீன் வாங்கப் போனது. சுப்பர்மார்க்கெற் தள்ளுவண்டி ஒன்று கதவில் கீறியபோது அண்ணை பெயின்ற் தகரத்தோடு ஓடி வந்தார். "விடுங்கோ. போன இடத்துக்கு ஒரு அடையாளம் வேண்டாமோ?" என்று அக்கா மறித்துவிட்டார். செற்றியின் பொலித்தீனையும் அவரே கிழித்தார். டின்னர் செற்றில் எனக்குப் புட்டும் மீன்குழம்பும் தந்தார். லைசென்ஸ் போன பிறகு அண்ணை ஓட்டினார், நத்தை மாதிரி. அக்கா இடப்பக்கம் இருந்து, "பின்னால வாற பஸ்காரனுக்கு ரைம் இருக்கு, வழி விடுங்கோ," என்று ஏசிக்கொண்டே போவார்.

அப்படிப்பட்ட காரைத்தான் அண்ணை மூடினார். செத்தவீட்டுக்கும் எடுக்கவில்லை. எட்டாம் நாள் போய்ப் பார்த்தேன். போர்வைக்கு மேல் அக்காவின் படம், மாலை, பக்கத்தில் விளக்கு. "அவ இருந்த சீற் தங்கச்சி. இனி ஆரும் இருக்கக் கூடாது," என்றார்.

துக்க வீட்டில் வாயை அடக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். வாய்க்குத் தெரியாது. "அண்ணை, திரும்ப அலுமாரியாக்கிப் போட்டியள்," என்றேன்.

அவர் எழும்பி உள்ளே போய்விட்டார். தேத்தண்ணிகூடத் தரவில்லை. பல நாள் நித்திரையில்லை எனக்கு.

முப்பத்தோராம் நாளும் முடிந்து செத்தவீட்டுத் துடக்குக் கழிந்தது, இனிக் கோயிலுக்குப் போகலாம். இன்று காலை ரெலிபோன். "தங்கச்சி, கோயிலுக்கு வாறியளோ? நாலு தேசிக்காய் வாங்கி வையுங்கோ." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

தேசிக்காய் மேசையில் இருக்கிறது. அக்காவுடையதென்று என்னிடம் ஒரு பொருளும் இல்லை. என்னுடைய சால்வைதான் இருக்கிறது, ஓரத்தில் ரயர்க் கறுப்பும் நடுவில் சந்தன மஞ்சளுமாக, எத்தனை தரம் தோய்த்தும் போகாத கறையோடு. பஸ்ஸுக்கும் அதுதான், மீன்கடைக்கும் அதுதான். நல்லதுக்கு என்று இப்போது நான் ஒன்றும் எடுத்து வைப்பதில்லை. அது அக்கா எனக்குத் தந்தது.

யன்னல் அதிர்கிறது. வெளியே ஹோர்னும் கேட்கிறது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வருகிறது. சால்வையைப் போட்டுக்கொண்டு, செருப்போடு போய் ஏறப்போகிறேன்.