சங்கிலி அக்காவின் மகன் சாகவில்லை

பள்ளிக்கூடத்து சைக்கிள் ஸ்டாண்டைக் காவல் காப்பவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் அது தெரியும். பிள்ளைகளுக்கு அவள் சங்கிலி அக்கா. சாயங்காலம் ஹெல்மெட் மாட்டாமல் கிளம்புகிறவர்களின் சைக்கிளை இழுத்து, இரும்புச் சங்கிலியால் கம்பியோடு சேர்த்துப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். கெஞ்சினால் நடக்காது, அழுதால் சுத்தமாக நடக்காது. "நடந்து போ. கால் தேயாது" என்பாள்.

கேட்டைத் தாண்டினால் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் பஸ் திரும்புகிற பெரிய ரோடு. அந்தச் சரிவில் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு இறங்குவது பிள்ளைகளுக்குப் பெரிய வீரம். வாரத்துக்கு ஒருவராவது விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொள்வார்கள். ஹெல்மெட்டோ காய்கறிப் பையைப்போல ஹேண்டில்பாரில் தொங்கும். "மண்டை அங்கயா இருக்கு?" என்று அவள் கத்துவது தெருக்கோடி வரை கேட்கும்.

இவளுக்கு ஏன் இந்த வம்பு என்று ஊரே கேட்டது. வாங்குகிற சம்பளம் சைக்கிளைப் பார்த்துக்கொள்ளத்தானே, தலையைப் பார்த்துக்கொள்ளவா? பிள்ளைக்கு முடி கலைகிறதாம், வேர்க்கிறதாம். கண்டவள் வந்து பூட்ட என் மகள் சைக்கிள் என்ன திருட்டுச் சைக்கிளா என்று ஓர் அப்பா எகிறினார். தலைமை ஆசிரியை கூப்பிட்டு, "இன்னொரு தடவை பூட்டினீங்கன்னா வேற வேலை பார்த்துக்க வேண்டியதுதான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் ஹெல்மெட் மாட்ட ஆரம்பித்தார்கள். தாடைப் பட்டையைக்கூட ஒழுங்காகப் போட்டார்கள். அடங்காத பயல்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு, "போயிட்டு வரேன்க்கா" என்றார்கள். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு எகிறிய அதே அப்பா மகளோடு வந்து கையைப் பிடித்துக்கொண்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா. உங்க பையன் சைக்கிள்ல போய் அப்படி ஆயிட்டான்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு."

அந்தப் பையன் அந்நேரம் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். யாரோ ஒரு பிள்ளை கிளப்பிவிட்ட கதை. கண் காது மூக்கு வைத்து வீடு வீடாகப் போயிருக்கிறது. அப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற சிறுமியின் தாடையில் பட்டை இறுகியிருந்தது. அதைப் பார்த்ததும் சங்கிலி அக்காவுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் சொன்னதும் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "இருக்கட்டும்மா. செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு இருந்துட்டுப் போறேன்."

"வாயிலயே போடுவேன்" என்றவள் அழுதேவிட்டாள்.

மறுநாள் தலைமை ஆசிரியை அவளை உட்காரச் சொல்லிக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் பையனைப் பற்றி மேடையில் ரெண்டு வார்த்தை பேச வேண்டுமாம்.

"அது பொய் மேடம். அவன் நல்லாத்தான் இருக்கான்."

அந்த அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்றாங்க. ஒரு பொய்யில இத்தனை பிள்ளைங்க தலை தப்பிக்குதுன்னா என்ன தப்பு? பெத்தவங்களும் வாயைத் திறக்க மாட்டாங்க. உங்க வேலைக்கும் ஆபத்து இல்ல."

பேச்சில் நியாயம் இருந்தது; அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. நான் நாள் தவறாமல் தொண்டை கிழியக் கத்தியபோது ஏறாதது, என் பிள்ளையைக் கொன்றால்தான் ஏறுமா?

கூட்டத்தன்று மேடைக்கு மகனையும் இழுத்துக்கொண்டு போனாள். மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லை, அது கீச்சிட்டது.

"செத்துப்போயிட்டான்னு நீங்க சொல்ற பையன் இவன்தான். நல்லாப் பார்த்துக்கோங்க. குத்துக்கல்லாட்டம் நிக்கிறான்."

அரங்கம் கொல்லென்று சிரித்தது. தலைமை ஆசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை. முன்வரிசையில் அந்தச் சிறுமி எழுந்தாள்.

"அப்போ யாருமே சாகலையாக்கா?"

"யாரும் சாகல."

"பின்ன நாங்க எதுக்கு ஹெல்மெட் போடணும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. சங்கிலி அக்காவுக்குக் கோபம் அந்தப் பிள்ளையின் மேல் வரவில்லை; இப்படிக் கேட்கப் பழக்கியவர்கள்மேல் வந்தது.

"ஒரு பொணத்தைக் காட்டினாத்தான் கேப்பீங்களா? இது செத்ததுக்கப்புறம் மாட்டறதுக்கு இல்ல, சாகாம இருக்கறதுக்கு. இந்த மேடையில ஏறி உங்கள்ல ஒருத்தர் பேரைச் சொல்லி அழ என்னால முடியாது. எனக்கு அந்தக் கதை வேணாம். அவ்வளவுதான்."

யாரும் கைதட்டவில்லை. மகன்தான் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

அவள் பயந்தபடியே ஆயிற்று. சாயங்காலம் பாதி ஹெல்மெட்டுகள் மறுபடி ஹேண்டில்பாரில் தொங்கின. அந்தச் சிறுமியின் ஹெல்மெட்டும் அங்கேதான் தொங்கியது. தலைமை ஆசிரியை அலுவலக வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சங்கிலி அக்கா சிறுமியின் சைக்கிளை இழுத்தாள்.

"மேடம் பார்க்கறாங்கக்கா. உங்க வேலை போயிடும்" என்றாள் சிறுமி. மிரட்டலாக இல்லை, பயந்துபோய்த்தான் சொன்னாள்.

"போகட்டும்டி. இந்த வேலை போனா வேற வேலை தேடிக்குவேன். உனக்கு வேற தலையை எங்கே போய்த் தேடறது?"

சிறுமி ஹெல்மெட்டை எடுத்து மாட்டி, பட்டையைப் போட்டுக்கொண்டாள். பின்னால் நின்றிருந்த நெட்டைப் பையன் மாட்டவில்லை. தலைமை ஆசிரியை படியிறங்கி வந்துகொண்டிருந்தார். சங்கிலி அக்கா அந்தப் பக்கம் திரும்பாமல் அவன் சைக்கிளைப் பூட்டினாள்.