வண்டல் யாருடைய மண்

சூறாவளி அடித்த வருடம் ஊரெல்லாம் நாசம். எங்கள் வயலுக்கு மட்டும் அதிர்ஷ்டம். நெல் விதைத்தால் பாதி பதராகிற மணல் வயல் அது. வெள்ளம் வடிந்தபோது ஒரு சாண் உயரத்துக்குக் கறுத்த மண் படிந்து கிடந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான். உம்மாவுக்கு வந்தது, எனக்கு வரவிருந்தது. வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கிய பிறகு எங்களுக்குச் சோறும் அதுதான்.

ஊரிலேயே பெரிய நிலக்காரர், மேட்டு வயல் போடியார், சும்மா விடுவாரா? "என்ட வரம்பு உடைஞ்சு போன மண் அது. வாற கிழமை ஆள் விட்டு வெட்டி ஏத்துவன்" என்று சொல்லியனுப்பினார். உம்மா அழவில்லை. ஆனால் அவரோடு மோத முடியாதென்று தலையாட்டிவிடுவா என்று நான் பயந்தேன்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. புவியியல் புத்தகத்தில் வண்டல் என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்த ஆங்கிலச் சொல்லை வாசிகசாலையின் தடித்த ஆங்கில அகராதியில் தேடிப் பிடித்தேன். அலுவியம். நீர் கழுவிக்கொண்டுவந்து சேர்த்தது என்று இலத்தீனில் பொருளாம். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கொண்டுவந்தது யார் என்பதைச் சொல்லிலேயே வைத்திருக்கிறார்கள். இதில் போடியார் எங்கே வருகிறார்?

வயல் வழக்கெல்லாம் வட்டைவிதானையிடம்தான் போகும். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுபவரும் வரம்புச் சண்டையைத் தீர்ப்பவரும் அவர்தான். வயல் நடுவிலிருந்த வாடிக் குடிசையில் கூட்டம். பெண்கள் அங்கே போவதில்லை. நான் உம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"உங்கட வயல் மண் எங்கயிருந்து வந்த?" என்று போடியாரிடம் கேட்டேன்.

"ஆத்தால வந்த. வேற எங்கால?"

"ஆறு எங்கயிருந்து வாற?"

பின்னாலிருந்த ஒருவர், "பதுளைப் பக்கத்து மலையிலயிருந்து" என்றார்.

"அப்ப பதுளையான் சாக்கோட வந்தா, உங்கட வயலையும் வெட்டிக் குடுப்பீங்களா?"

யாரோ சிரித்தார்கள். விதானை என் பக்கம் திரும்பவே இல்லை. கலியாணமாகாத குமர்ப்பிள்ளை பேசியது காதில் விழாததுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தண்ணி கொண்டுவந்து போட்ட மண், கிடக்கிற இடத்துக்காரருக்குத்தான்" என்று தன் சொந்த யோசனைபோல் தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தத் தீர்ப்பு என்னுடையது; இன்றைக்கும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போடியார் செருப்பை மாட்டிக்கொண்டு உம்மாவிடம் சொன்னார்: "சரி, வயல் உங்களுக்கு. இந்த வாயோட இவள ஆரு கலியாணம் முடிப்பான்?"

அதுவரை ஒரு வார்த்தை பேசாத உம்மா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தா.

"வயலும் வாயும் சேத்துத்தான் சீதனம், போடியார். ஏலுமெண்டவன் வரட்டும்."