இடக்கை முறுக்கு

பிள்ளையார்பாளையத்தில் பாவு பிணைக்க ஆள் வேண்டுமென்றால் முதலில் சங்கரியையும் ஜெயம்மாளையும்தான் கூப்பிடுவார்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு ஒன்று நெய்து முடிந்ததும் அதன் நுனியை அறுத்து எறிந்துவிட மாட்டார்கள். தறியிலேயே விட்டு வைப்பார்கள். புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரலில் சாம்பலைத் தொட்டு, அந்தப் பழைய நுனியோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். அதுதான் பிணைப்பு. தறி ஒருபோதும் வெறுமையாக நிற்கக் கூடாது. பழசு போவதற்குள் புதுசு வந்து அதன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பிணைப்பார்கள். சங்கரிக்கு வலக்கை. ஜெயம்மாளுக்கு இடக்கைப் பழக்கம், அதனால் அவள் முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் இது யார் போட்டது என்று தெரிந்துவிடும்.

"ஜெயம்மாக்கா முறுக்கு, கடிச்சாலும் வுடாது" என்று சங்கரியின் புருஷன் வீரபாகு கிண்டல் செய்வார்.

"கடிக்க உனக்குப் பல்லு இருக்குதாபா மொதல்ல?" என்பாள் ஜெயம்மாள்.

அவள் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். புருஷன் போன பிறகு அங்கே தனியாகத்தான் இருந்தாள். மகன் ஆனந்தராஜ் சென்னையில் வேலையாக இருந்தான். அவள் வீட்டுக் கூடத்தில் அலமாரி மேலே ஒரு மணி பிளாண்ட் இருந்தது. காமாட்சியம்மன் படத்தின் இரண்டு பக்கமும் கதவுத் திரை மாதிரி தொங்கும். சங்கரிக்கு அதன் மேல் ஒரு கண். ஆனால் மணி பிளாண்டைக் கேட்டு வாங்கி வைத்தால் தழைக்காது, திருடித்தான் வைக்க வேண்டும் என்பார்கள்.

"கேக்காதடி. நான் தூங்கறேன், நீ திருடிக்கினு போ" என்று சொல்லிவிட்டு ஜெயம்மாள் பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டாள். சங்கரி கத்தரியோடு ஸ்டூல் மேல் ஏறினாள்.

"கணுவுக்குக் கீழ வெட்டு. பழுப்பா ஒரு முண்டு இருக்குது பாரு, வேரு அங்கதான் வுடும்" என்றாள் தூங்குகிறவள்.

"திருடிக்குப் பாடம் சொல்லித் தர்ற வீடு இது ஒண்ணுதான்கா."

அந்த வாரமே ஜெயம்மாள் விழுந்தாள். பிணைத்துக்கொண்டிருக்கும்போதே வலது கை கீழே சரிந்தது, வாய் ஒரு பக்கம் கோணியது. ஆனந்தராஜ் வந்து காரில் சென்னைக்குக் கூட்டிப்போனான். வீட்டைப் பூட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாதி பிணைத்த பாவு, எதிரே ஆளில்லாமல் கிடந்தது. வேறொரு பெண்ணை அனுப்பினார்கள். அவளும் நன்றாகத்தான் பிணைத்தாள். ஆனால் சங்கரி தலை நிமிரும்போதெல்லாம் எதிரே வேறு முகமாக இருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் அவள் வாயில் ஒரே வேண்டுதல்தான் வரும். தாயே, எதிர்ல உக்கார்றவள திருப்பிக் குடு.

திருடிய துண்டு பூஸ்ட் பாட்டில் தண்ணீரில் நின்றது. வெள்ளிதோறும் தண்ணீர் மாற்றினாள். வெள்ளை வேர் நூல் மாதிரி இறங்கியதும் மண் தொட்டியில் வைத்தாள். மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர், ஈரத் துணியால் இலைக்குத் துடைப்பு, நேர் வெயில் படாத ஜன்னல். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஜன்னல் கம்பியில் ஏறட்டும் என்று கழிவு நூலைக் கட்டி வழி காட்டினாள்.

கொடி அந்த வழியில் போகவில்லை. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பியது. அவள் ஜன்னல் பக்கம் எடுத்து விடுவாள், காலையில் பார்த்தால் அது இருட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜெயம்மாள் வீட்டுச் சுவரில். அங்கே மேலே கேபிள் ஒயருக்காகப் போட்ட துளை ஒன்று, ஒயர் போய் சும்மா இருந்தது. ஒரு நாள் கொடியின் நுனி அதற்குள் புகுந்துவிட்டது.

"இன்னாங்க, இத பாருங்க."

"ஆளில்லாத வீட்ல அதுக்கு இன்னா வேலை? வம்பு பேசப் போச்சா?" என்று வீரபாகு சிரித்தார்.

சங்கரிக்குச் சிரிப்பு வரவில்லை. கொடியை மெதுவாக வெளியே இழுத்துப் பார்த்தாள். கொஞ்சம் வந்தது, பிறகு நின்றது. விட்டதும் அது உள்ளே போயிற்று. இழை பிணைக்கும்போது எதிரே இருக்கிறவள் இலேசாக இழுத்துப் பிடிப்பாளே, அந்த இழுப்பு. சங்கரி கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு கொடி வேகமாகப் போனது. இந்தப் பக்கம் இலை குறைந்து, தண்டு மட்டும் பாவு நூல் மாதிரி சுவரில் விறைப்பாக ஓடியது. மத்தியான நேரத்தில், தெருவில் தறிச் சத்தம் ஓய்ந்திருக்கும்போது, துளைக்கு அந்தப் பக்கம் சுவரில் எதுவோ உரசும் சத்தம் கேட்கும். பல்லியாக இருக்கும் என்று அம்மன் பெயரைச் சொல்லிக்கொள்வாள். துளைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் பூட்டிய வீட்டுப் புழுக்கம்தானே வர வேண்டும்? அடித்தது சாம்பல் வாசனை.

மார்கழியில் ஆனந்தராஜ் போன் செய்தான். "சித்தி, அம்மாவ ஐசியூல வெச்சிருக்காங்க. கண்ணே தொறக்கல. சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்கன்னு டாக்டர் சொல்றாரு."

அன்று தொட்டியில் இருந்த இலை ஒன்று மஞ்சளாகியிருந்தது.

வீரபாகுவுக்கு இப்போது கிண்டல் போய்விட்டது. "பூட்டின வூட்டுக்குள்ள கொடி போனா ஆவாது சங்கரி. சாவு அத புடிச்சிக்கினுதான் இந்தப் பக்கம் வரும். அறுத்துப் போடு."

"மேல புது பாவு சேராம யாராவது பழச அறுப்பாங்களா?"

"இது பாவு இல்லமா, செடி!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவள் கோயிலுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது ஸ்டூல் சுவரோரம் இருந்தது. கொடி துளைக்கு ஒரு சாண் கீழே அறுபட்டிருந்தது. வீரபாகு முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அறுத்தேன். அறுத்த உடனே..." அவர் துளையைக் காட்டினார். "அந்தப் பக்கத்துத் துண்டு தானா உள்ள போயிடுச்சு. யாரோ இழுத்த மாதிரி."

சங்கரி அவரைத் திட்டவில்லை. பயந்துபோனவரைத் திட்டி என்ன? கோயிலில் கொடுத்த திருநீறு அவள் கையில் பொட்டலமாக இருந்தது. ஒரு பட்டு இழையை எடுத்தாள். விரலில் திருநீற்றைத் தொட்டு, அறுபட்ட தண்டின் முனையில் அந்த இழையைத் தன் வலக்கை முறுக்கால் சேர்த்தாள். மிச்ச இழையைத் துடைப்பக் குச்சியால் துளைக்குள் தள்ளினாள்.

"பிணைப்புக்கு ரெண்டு கை வேணும்கா" என்று துளையைப் பார்த்துச் சொன்னாள். "என் கை இது. உன் கைய நீ போடு."

வீரபாகு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

விடிந்ததும் முதல் வேலையாக ஸ்டூலில் ஏறினாள். தளர்ந்து கிடந்த இழை விறைத்திருந்தது. தண்டின் முனை துளை வாய்க்குப் போயிருந்தது. விரலால் தொட்டாள். பதில் மாதிரி ஒரு சின்ன இழுப்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவள் காபி போடுவதற்குள் போன் அடித்தது.

"சித்தி, அம்மா கண்ணு தொறந்துட்டாங்க."

தை மாசம் முடிவதற்குள் ஜெயம்மாளைக் கூட்டி வந்தார்கள். ஆனந்தராஜும் வீரபாகுவும் காரிலிருந்து நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். வலது கை மடியில் துணி மாதிரி கிடந்தது. பேச்சு இன்னும் திரும்பவில்லை என்றான் மகன். பூட்டு துருப்பிடித்திருந்தது. இரண்டு தடவை எண்ணெய் விட்ட பிறகுதான் திறந்தது.

தரையெல்லாம் தூசி. அதில் ஒரு காலடி கூட இல்லை. ஆனால் அம்மன் படத்தைச் சுற்றிக் கொடி பச்சைப் பசேலென்று தொங்கியது. துளையிலிருந்து இறங்கி வந்த சங்கரியின் கொடி, இருட்டில் சுவரோடு ஊர்ந்து, அலமாரி ஏறி, தாய்ச் செடியோடு பின்னிக் கிடந்தது. சங்கரி ஸ்டூலை இழுத்துப்போட்டுத் துளைப் பக்கம் ஏறினாள். அறுபட்ட இரண்டு துண்டுகளும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. கண்ணை மூடித் தடவினாள். முதலில் தன் முறுக்கு. அதற்கு மேலே, எதிர்ப்பக்கம் திரும்பிய இன்னொரு முறுக்கு. கடித்தாலும் விடாது. விரலை எடுத்துப் பார்த்தாள், சாம்பல்.

கீழே ஆனந்தராஜ் சொல்லிக்கொண்டிருந்தான். "நெனப்பில்லாம கெடந்தப்பகூட இந்த எடது கை மட்டும் சும்மா இருக்கல சித்தி. போர்வை நூல உருவி முறுக்கிக்கினே இருந்துச்சு. விரல்ல இந்தச் சாம்பல் எங்கருந்து வந்துச்சின்னு நர்சுங்களுக்கும் தெரியல. தொடச்சாலும் போவல, பாருங்க."

ஜெயம்மாள் வேறு யாரையும் பார்க்கவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி, கதவோரம் நின்ற வீரபாகுவைப் பார்த்தாள். நாக்கு புரளவில்லை. இருந்தும் வார்த்தை வந்தது, ஊருக்கு வந்த பிறகு பேசிய முதல் வார்த்தை.

"இன்னாத்துக்குபா... அறுத்த?"

மகன் ஒன்றும் புரியாமல் அம்மாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.  வீரபாகு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்து வந்தார். அவர் கேட்கத் தெரிந்த மன்னிப்பு அதுதான். ஸ்டூலில் ஏறி, தாய்ச் செடியின் தொட்டியில் ஊற்றப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சங்கரி" என்றார் சன்னமாக. "மண்ணு ஈரமா இருக்குது."

சங்கரி ஏறிப் பார்க்கப் போகவில்லை. சொம்பை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். அம்மன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு ஜெயம்மாளுக்கு எதிரே, தூசியைக் கூடப் பார்க்காமல், தரையில் உட்கார்ந்தாள்.

"மேலத் தெருவுல பாவு வந்திருக்குதுக்கா. எதிர்ல ஆள் இல்ல."

ஜெயம்மாள் இடது கையை நீட்டினாள். கட்டை விரலும் சுட்டு விரலும் அதற்குள்ளாகவே முறுக்க ஆரம்பித்திருந்தன.